ஆள் உயரம்

அன்று காட்டோரத்தில் இருந்தவர்கள்: மெட்ராஸிலிருந்து ஜீப்பில் வந்த அதிகாரி, அவருக்குக் குடை பிடித்த பியூன் கோபால், விறகு காண்ட்ராக்டர் ராஜாராம், காட்டை நம்பி வாழ்ந்த இருளர்களில் வேதகிரி, அவன் மனைவி பவளம், பிறகு நான். பின்னால் சாட்சிக்குத் தேவைப்படும் என்பதால் பெயர்களை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எழுபத்தொன்பதாம் வருஷம் அது. அதுவரை எங்கள் காட்டிலிருந்து ஒரு வண்டி சுள்ளி வெட்டவும் அனுமதி வேண்டும். இதனால் தொழில் வளரவில்லை என்று யாரோ கண்டுபிடிக்க, விதியைத் தளர்த்தினார்கள். புதிய ஆர்டரின்படி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தால்தான் காடு. மற்றதெல்லாம் தரிசு, குத்தகை எடுத்தவன் கேள்வி இல்லாமல் வெட்டலாம்.

எங்கள் காடு காரையும் களாவும் சூரையுமாக அடர்ந்தது. ஆயிரம் வருஷம் விட்டு வைத்தாலும் தலையளவுதான் வளரும். அதற்குள்தான் வேதகிரியின் ஜனங்கள் கிழங்கு தோண்டி, தேன் எடுத்து, மூலிகை பறித்துப் பிழைத்தார்கள். ஆர்டரை எழுதியவர் வாழ்நாளில் பார்த்த ஒரே மரம் அவருடைய மேஜையாகத்தான் இருக்க வேண்டும்.

எந்த ஆளின் உயரம் என்று ஆர்டரில் இல்லை.

“நான் நிக்கிறேன் சாமி,” என்று வேதகிரி முன்னால் வந்தான். “எனக்கு எல்லாச் செடியும் ஒசரமாத்தான் கீது.”

“நீ இங்கேயே இருக்கிறவன். உன் அளவு செல்லாது,” என்றார் அதிகாரி.

“அப்ப காண்ட்ராக்டர் நைனா நிக்கட்டும். அவருக்குப் புல்லே காடுதான்!” என்றாள் பவளம்.

கோபால் சிரித்ததில் குடை ஆடியது. ராஜாராம் கோபித்துக்கொள்ளவில்லை. என் பக்கம் திரும்பிக் கும்பிட்டான்.

“அளவுக்கு நிக்கறதுன்னா சும்மாவா? கௌரவமான குடும்பம் நிக்கணும். பெரியவரே, நீங்கதான் நிக்கணும்.”

எங்கள் வம்சத்தில் ஆறடிக்குக் குறைந்த ஆண் கிடையாது. கோயில் வாசலைத் தவிர வேறெங்கும் தலை குனிந்ததும் கிடையாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

காரைச் செடி என் காதளவு இருந்தது. “தரிசு,” என்றார் அதிகாரி. சூரைப் புதர் நெற்றியளவு. “தரிசு.” மூன்றாவது ஒரு களா. கன்னியம்மாவுக்கு நேர்ந்து பவளம் மஞ்சள் கயிறு கட்டிய செடி. என் உச்சிக்கு நாலு விரல் குறைவு.

“குனி சாமி!” என்று பவளம் கத்தினாள். “உன் முதுகு வளைஞ்சாத்தான் எங்க வூட்ல அடுப்பு எரியும். குனி!”

ராஜாராம் என்னைக் கும்பிட்டது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. குனிந்தேன்.

“இன்னா பெரியவரே, இடுப்பு புடிச்சிக்கிச்சா?” என்றான் ராஜாராம்.

“நிமிர்ந்து நில்லுங்க சார். அளவு தப்பாயிடும்,” என்றார் அதிகாரி.

“எனக்கு வயசாயிடுச்சு. இதுதான் இப்ப என் ஒசரம்,” என்றேன்.

அதிகாரி ஆர்டரை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். “இதுல ஆள்னுதான் போட்டிருக்கு. குனிஞ்ச ஆள்னு போடலை. தரிசு.”

மழைக்கு முன்பே காட்டை மொட்டையடித்து, காகித மில்லுக்காகத் தைலமரக் கன்று நட்டார்கள். கன்று முழங்கால் உயரம்கூட இல்லை. சுற்றிலும் முள்வேலி போட்டு, ‘வனப்பகுதி, அத்துமீறி நுழையாதே’ என்று போர்டு வைத்தார்கள்.

வேதகிரியின் ஜனங்கள் சட்டி பானையோடு செங்கல் சூளைக்குப் போனார்கள். எங்கள் தெரு வழியாகத்தான் போனார்கள். பவளம் என் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

அதிகாரி அதட்டியும் நான் கடைசிவரை வளையாமல் நின்றேன் என்று உத்திரமேரூர் சந்தை வரைக்கும் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள். என் பிள்ளைகளும் அதை மறுப்பதில்லை.

அது பொய். மூன்றாவது செடியில் நான் குனிந்தேன்.