மரமில்லாத இடங்கள்

அந்தக் கேள்வியை முதலில் கேட்டது நில அளவையாளரா, இல்லை அவளாகவே பிற்பாடு யோசித்து அவர் வாயில் வைத்ததா, இப்போது அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை... 'இங்க மட்டும் ஏன் மேடம் மரமே இல்ல?' குரல் காதிலேயே இருக்கிறது, குடையை ஊன்றிக்கொண்டு அவர் நின்ற விதம்கூட இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல், பாதியிலேயே கிளம்பிவிட்டார், இந்த மேட்டுக்கு அவர் ஏறவே இல்லையே, அப்படியானால் கேட்டது யார்? 'நமக்காகத்தான் விட்டு வச்சிருக்கு' என்று பதில் சொல்லிச் சிரித்தது மட்டும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. சிரித்தது அவள்தான். அதில் சந்தேகமே இல்லை.

நான்காம் குடிலின் தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். வெளியே நாலாவது நாளாக மழை, பெருமழை இல்லை, கேட்க ஆளிருக்கிறதா என்று கவலைப்படாமல் பேசிக்கொண்டே இருக்கிறவரைப் போன்ற மழை. வாசலில் தச்சர் கதவைக் கழற்றிப் படுக்கவைத்து இழைத்துக்கொண்டிருந்தார், இந்த மாதத்தில் மூன்றாவது முறை. நாலு மணிக்கு அக்காவும் மாமாவும் வந்துவிடுவார்கள். நகரத்து வீட்டை விற்றுவிட்டு, அக்கா வாங்கிய இந்த மலைச்சரிவுக்கு, பாத்திரம் பண்டத்தோடு, இனி இதுதான் வீடு என்று வருகிறார்கள், மற்ற ஐந்து குடில்களும் தங்கிப் போகிறவர்களுக்கு, நான்காவது எங்களுக்கு என்று அக்கா ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள், ஜன்னலைத் திறந்தால் காற்று நேராக மாமாவின் நெஞ்சுக்கு வரவேண்டும், அந்த நெஞ்சுக்கு நகரத்துத் தூசி இன்னும் இரண்டு வருஷம்கூடத் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு மரத்தைக்கூட வெட்டக்கூடாது, அக்காவின் ஒரே நிபந்தனை அது... இல்லை, அது அவளுடைய நிபந்தனை, அக்கா தலையாட்டினாள், அவ்வளவுதான். ஒரு வாரம் இந்தச் சரிவில் ஏறி இறங்கி, மரங்களுக்கு நடுவே தானாகவே அமைந்திருந்த வெட்டவெளிகளை ஒவ்வொன்றாகக் குறித்து, ஆறு இடத்தில் ஆறு குடில். அங்கேயே எடுத்த மண்ணில் சுவர், கூரைத் தண்ணீர் தொட்டிக்கு, வேர் அறுபடக்கூடாது என்று அஸ்திவாரத்தைக்கூட ஆழமாகப் போடவில்லை, அதை எவ்வளவு பெருமையாக எல்லாரிடமும் சொன்னாள்! 'எங்க வீட்டு மண்ணாங்கட்டி இன்ஜினியர்' என்று மாமா அவளைக் காட்டிக்காட்டிச் சிரிப்பார், சிரித்து முடிக்குமுன் இருமல் வந்துவிடும்.

"ஈரத்துல மரம் ஊதத்தானே செய்யும்?" என்றாள் தச்சரிடம். யாராவது ஆமாம் என்று சொன்னால் போதும்போல் இருந்தது. "ஊதினா நாலு பக்கமும் ஊதணும் மேடம். இது மேல்மூலையில மட்டும்தான் இடிக்குது" என்றார் அவர், மரச்சுருளை ஊதித் தள்ளிவிட்டு. "இன்னும் சீவினா கதவுன்னு சொல்ல முடியாது, ஜன்னலுக்குத்தான் ஆகும். கதவு யோக்கியமாத்தான் இருக்கு. நிலைதான் எங்கயோ நடந்து போகுது." விளையாட்டாகச் சொன்னார், சொல்லிவிட்டு அவரே சிரித்தார், ஆனால் இழைப்பு நின்றுவிட்டது. நடந்து போகுது... அவள் எழுந்து பையிலிருந்து டேப்பை எடுத்தாள். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். அறையின் இந்த மூலையிலிருந்து எதிர்மூலைக்கு, பிறகு அந்த மூலையிலிருந்து இதற்கு. கட்டி முடித்த அன்று இரண்டும் ஒன்றுபோல இருந்தன, கொத்தனார் மார்தட்டிக்கொண்டார், அவள் வரைபடத்தின் ஓரத்தில் அதைக் குறித்தும் வைத்தாள். இப்போது மூன்று விரல் வித்தியாசம். டேப் தொய்ந்திருக்கும் என்று திரும்ப அளந்தாள், கண் பிசகியிருக்கும் என்று மறுபடி அளந்தாள். மூன்று விரல். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை, மண் அப்படித்தான், மண் சத்தம் போடாது, சதுரமாக இருந்தது சாய்சதுரமாகும்வரை பொறுமையாகக் கூடவே போகும்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், பார்க்காமல் இருந்திருக்கலாம். வெட்டவெளியின் ஓரத்து மரங்கள் எல்லாமே அடியில் சரிவுப்பக்கம் முழங்கால்போல் வளைந்து, பிறகு நிமிர்ந்து மேலே போயின. ஒன்றிரண்டு இல்லை, வரிசையாக அத்தனையும். எத்தனை முறை படமெடுத்திருக்கிறாள், விளம்பரத் தாளின் முதல் பக்கத்திலேயே போட்டு, காடு குனிந்து வரவேற்கிறது என்று கீழே எழுதி... மரம் எதற்குக் குனியும்? காலடி மண் நழுவ நழுவ, விழுந்துவிடாமல் வருஷா வருஷம் தன்னை நிமிர்த்திக்கொண்ட உடம்பு அது. ஓரத்தில் நின்றதே இந்தப் பாடு என்றால், நடுவில் நின்றவை எங்கே போயின? நமக்காக விட்டு வைத்ததாம். மரத்தாலேயே நிற்க முடியாத இடமாகத் தேடித்தேடி, ஒரு வாரம் தேடி, ஆறு வீடு கட்டியிருக்கிறாள். கொஞ்சம் மரங்களை வெட்டி, அதோ அந்த அடர்ந்த பக்கம் கட்டியிருந்தால்? கருணையே இல்லாத எந்த ஒப்பந்தக்காரனும் அங்கேதானே கட்டியிருப்பான்... மற்ற ஐந்தின் கதவுகளும் நன்றாகத்தான் சாத்துகின்றன. இன்றைக்கு.

ஜீப் வந்துவிட்டது. மாமா குடையை வேண்டாமென்று தள்ளிவிட்டு நனைந்தபடியே ஏறி வந்தார், படிக்கட்டில் இரண்டு முறை நின்றார், உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைத் திறந்தார். அவள் அக்காவை வாசலிலேயே நிறுத்தினாள். சொல்லிவிடு, ஒரே மூச்சில் சொல்லிவிடு. "அக்கா, கொஞ்ச நாளைக்கு நீங்க கீழ, சமையலறைக்குப் பக்கத்து ரூம்ல இருங்களேன்." அது பாறைமேல் நிற்கும் பழைய கட்டடம். "ஏன்டி?" "கதவு சரியா சாத்தல." "சாத்தாமயே படுத்துக்கறோம், இங்க எந்தத் திருடன் மூச்சு வாங்க ஏறி வரப்போறான்? நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" உள்ளேயிருந்து மாமாவின் குரல்: "ஏய் மண்ணாங்கட்டி இன்ஜினியர்! பத்து நிமிஷமா நான் இருமவே இல்ல, கவனிச்சியா?" அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது, அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. நான் தப்புப் பண்ணிட்டேன், இத்தனைதான், மூணே வார்த்தைதான்... "சுவர் இன்னும் காயலக்கா. அந்த ஈரம் மாமா நெஞ்சுக்கு ஆகாது" என்றது அவள் வாய். நெஞ்சு என்றதும் அக்கா உடனே பெட்டியைத் தூக்கினாள். தச்சர் இவளையே பார்த்தார், மூன்று விரல் வித்தியாசத்தின் மறுமுனையைப் பிடித்திருந்தவர், ஏதாவது சொல்வாரென்று நினைத்தாள், அவர் இழைப்புளியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். ஒரு பொய் இவ்வளவு சுலபமாக ஒரு வேலையை முடித்துவிடுமா?

அந்த மழைக்காலம் முழுக்க அவர்கள் பாறைமேல்தான் இருந்தார்கள். அடுத்த வருஷம் வேறு காரணம், அதற்கடுத்த வருஷம் இன்னொன்று, அவளிடம் காரணங்களுக்குப் பஞ்சமே வரவில்லை. நான்காம் குடிலைப் பூட்டியே வைத்தாள், மற்றவற்றில் ஆட்கள் வந்து தங்கிப் போனார்கள். மாமா மூன்றாம் வருஷம் ஆஸ்பத்திரியில், அக்காவின் கையைப் பிடித்தபடி இறந்தார். தச்சர் கடலோரத்தில் ஏதோ வேலைக்குப் போனார், பிறகு தகவல் இல்லை. இடத்தை அக்கா விற்றுவிட்டு இவளோடு வந்துவிட்டாள். வாங்கியவர் நல்ல மனிதர், மரம் என்றால் உயிர், வரைபடங்களைக் கேட்டார், எல்லாவற்றையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள், அந்த மூன்று விரலை மட்டும் சொல்லவில்லை, அவரிடம் சொன்னால் அக்காவிடமும் சொன்னதாகிவிடும். அவரும் ஒரு மரத்தை வெட்டாமல் இன்னும் மூன்று வெட்டவெளிகளில் கட்டினார், பூட்டிக் கிடந்த நான்காம் குடிலையும் திறந்துவிட்டார். சரிவு இன்றுவரை நிற்கிறது. மழை பிடித்தால் அவள் எழுந்துபோய் அடுத்த அறையை எட்டிப் பார்க்கிறாள், அக்கா செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பாள், 'என்னடி?' என்பாள், 'ஒண்ணுமில்ல' என்று திரும்பி வரும்போது நெஞ்சு லேசாகிவிடுகிறது, முழுவதுமாக லேசாகிவிடுகிறது. நான்காம் குடிலில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று அவள் இதுவரை கேட்டதில்லை.