நாலாவது பாட்டில்

வீட்டிலேயே வண்டிக்கு ஆயில் மாற்றுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஆயில் நல்லதா கெட்டதா என்பதெல்லாம் அப்புறம், அது எதில் வருகிறது என்பதில்தான் சண்டையே ஆரம்பிக்கும். தகர டப்பா என்றால் ஓட்டை போட வேண்டும், போட்டாலும் பாதி இன்ஜின் மேல்தான் வழியும். பாக்கெட்டை வெட்டிவிட்டால் கீழே வைக்க முடியாது, கைக்குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். குழாய் வைத்த அட்டைப்பெட்டி நல்லதுதான், ஆனால் இடத்தை அடைக்கும். எனக்குப் பிடித்தது ஒரு லிட்டர் பாட்டில். நீளக் கழுத்தை நேராக இன்ஜின் வாயில் செருகிக் கவிழ்த்தால் போதும், புனலே வேண்டாம். காலி பாட்டிலில் பழைய ஆயிலை ஊற்றி மூடியைத் திருகிவிட்டால் தரையில் ஒரு சொட்டு இருக்காது. அந்தச் சௌகரியத்தில்தான் நான் மோசம் போனேன்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். சொந்த வேன், பதினாலு பிள்ளைகள். அக்கா வீட்டுக்காரர் மெக்கானிக், சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். நான் வேனுக்கு அடியில் படுத்து நட்டுக் கழற்றுவதைப் பார்த்த நாளிலிருந்து அத்தானுக்கு நான் 'ஸ்பேனர்'தான். சிரித்துக்கொண்டே கூப்பிடுவதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. ஆயில் அவரிடம்தான் வாங்குவேன். பழைய ஆயில் நிரப்பிய பாட்டில்களையும் அவரிடமே கொடுப்பேன். கழிவு எடுக்க ஆள் வரும், சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்பார்.

கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும், வேன் அதுவரை ஓடிய கிலோமீட்டரை ஆணியால் கீறி வைப்பேன். பேனாவில் எழுதினால் ஆயில் பட்டு அழிந்துவிடும். வேனுக்குள் தொங்கும் அட்டையிலும் அதே எண்ணைக் குறிப்பேன். குப்பைக்குப் போகிற பாட்டிலுக்குப் பேர் வைக்கிறாள் பார் என்று அம்மாவும் அக்காவும் கேலி செய்வார்கள்.

கடைசியாக ஆயில் வாங்கியபோது அத்தான் மூன்றுக்குப் பதில் நாலு பாட்டில் எடுத்து வைத்தார். ஒன்று கையிருப்பில் இருக்கட்டும் என்றார். அக்காதான் நாலையும் பையில் போட்டுக் கொடுத்தாள். மூன்றை ஊற்றினேன். மூடிக்குள் வெள்ளித்தாள்கூட ஒட்டியிருந்தது. அளவுக்குச்சியில் நிறம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது, அடியில் தங்கிய பழசு கலந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது இன்ஜின் கடகடவென்று கத்திவிட்டு இறுகிப் போனது.

அத்தான் வந்து பார்த்தார். பார்த்ததை என்னிடம் சொல்லவில்லை, அம்மா வீட்டுக் கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது சொன்னார்.

"ஆயில் மாத்துறது பாத்திரம் தேய்க்கிற வேலை இல்ல, ஸ்பேனர். எங்கயோ சொதப்பியிருக்க."

அம்மா தலையாட்டினாள். அக்கா தரையைப் பார்த்தாள். விஷயம் தெருவுக்குப் போனது. தானே ஆயில் மாற்றுகிறேன் என்று வண்டியைக் கெடுத்தவளிடம் பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்று அந்த வாரமே பதினோரு வீடு வேறு வேன் பார்த்துக்கொண்டது. இன்ஜின் போனதைவிட என் கைக்கு வந்த கெட்ட பேர்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

மூலையில் கிடந்த நாலாவது பாட்டிலை ஒருநாள் எடுத்தேன். தயாரித்த தேதி ஏதாவது இருக்குமா என்று அடியைத் திருப்பினேன். 64210. ஆணிக் கீறல். என் நாலு எப்போதும் கொக்கி மாதிரி வளைந்திருக்கும், அதே நாலு. அட்டையைப் பார்த்தேன். போன தடவைக்கு முந்தின தடவை ஆயில் வடித்தபோது நான் குறித்த எண்.

என் பழைய ஆயிலை வடிகட்டி, எதையோ கலந்து வெளுத்து, என் பாட்டிலிலேயே ஊற்றி என் தலையிலேயே கட்டியிருக்கிறார். புனல் வைத்து ஊற்றியிருந்தால் நிறமாவது கண்ணில் பட்டிருக்கும். அன்றே போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் பிடித்தால், இது நீ கொண்டுவந்த கழிவு பாட்டில் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அவரை எந்தக் கூடத்தில் வைத்துப் பழிவாங்குவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்துக் காத்திருந்தேன்.

இரண்டு மாதத்தில் அவரே வழி செய்து கொடுத்தார். புதுக் கார் வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா வீட்டுக்கு எல்லோரும் சாப்பிட வந்திருந்தோம். முதல் ஆயில் மாற்ற வேண்டும், டிக்கியில் குழாய்ப் பெட்டி ஆயில்கூட வாங்கி வைத்திருக்கிறேன் என்றார். நானே மாற்றுகிறேன், நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள் என்று குழைந்தேன். எல்லோர் முன்னாலும் வாத்தியார் வேஷம் கட்டக் கிடைத்தால் விடுவாரா? முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

காருக்கு அடியில் படுத்தேன். நட்டைக் கழற்றி, இருந்த ஆயில் முழுவதையும் தட்டில் வடித்தேன். வெளியே வந்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த நாலாவது பாட்டிலை அவர் முன்னால் வைத்தேன்.

"டிக்கியில இருக்கறது எதுக்கு அத்தான்? நீங்க குடுத்த பாட்டில் ஒண்ணு மிச்சம் இருக்கு. இதை முதல்ல ஊத்திடறேன்."

சிரிப்பு நின்றது. "அது வேணாம்" என்றார்.

"ஏன்?" இதைக் கேட்டது அக்கா. "அதே கம்பெனிதானே? இன்னும் திறக்கக்கூட இல்லையே."

பழசாகியிருக்கும் என்றார். புதுக் காருக்கு வேறு ரகம் என்றார். பாட்டிலைத் திறந்து, அம்மாவின் வெள்ளைப் பேசினில் புனல் வைத்து ஊற்றினேன். சாக்கடைத் தண்ணீர் நிறத்தில் இறங்கியது. காலி பாட்டிலையும் வேனின் அட்டையையும் அக்கா கையில் கொடுத்தேன். கீறலைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"நான்தானே பையில போட்டுக் குடுத்தேன்" என்றாள். "இன்னும் எத்தனை பேருக்குக் குடுத்தேனோ."

"ஊர்ல எல்லாரும் பண்றதுதான்" என்றார் அத்தான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. எழுந்து என் முன்னால் கையை நீட்டினார். "நட்டைக் குடு. நான் கிளம்பறேன்."

"நட்டு என்ன, பட்டறையில நூறு இருக்கும்" என்று அவர் உள்ளங்கையில் வைத்தேன். "கார் சாவி?"

சாவி அக்காவிடம் இருந்தது. அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு சாவியை என் கையில் வைத்தாள். அவ்வளவு நிம்மதியாக நான் மூச்சுவிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

என் நிபந்தனையைச் சொன்னேன்: பதினாலு வீட்டுக்கும் அவரே போன் செய்து, தப்பு தன் ஆயிலில், ஓட்டுகிறவள் கையில் இல்லை என்று சொல்ல வேண்டும். வேனுக்கு வேறு இன்ஜின் அவர் கையாலேயே ஏற்ற வேண்டும். அதுவரை ஆயில் இல்லாத கார் அம்மா வீட்டு முற்றத்தில் நிற்கும். அம்மா இந்தத் தடவையும் தலையாட்டினாள், எனக்காக.

பதினாலு போனும் செய்தார். நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன். ஒன்பதாவது நாள் வேன் தயாரானது. காரின் டிக்கியில் இருந்த அந்தக் குழாய்ப் பெட்டியைக் கொண்டுவந்து, என் கையாலேயே சீலைக் கிழித்தேன். ஒரு சின்ன ஜாடியில் ஆயிலைப் பிடித்தேன்.

"குடு, நான் ஊத்தறேன்" என்றார் அத்தான். ஸ்பேனர் என்று கூப்பிடவில்லை.

"நீங்க புனலைப் பிடிங்க, அத்தான்."

குனிந்து இரண்டு கையாலும் பிடித்தார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மூன்று லிட்டர் ஊற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகாது. நான் அரை மணி நேரம் ஊற்றினேன்.