சங்கு ஊதும்போது நிற்க

சங்கு ஊதியதும் ராக்கப்பன் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினான். கொஞ்ச தூரம் போன பிறகுதான் இது சினிமாச் சங்கு என்று உறைத்தது. வெட்கத்தோடு திரும்பி வந்தான். காலையிலிருந்து இதே கதைதான்.

துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமா மலையில் இருந்த அந்தக் கல்குவாரியில் சங்கு ஊதினால் அர்த்தம் ஒன்றே: வெடி வைத்தாயிற்று, ஓடு. போன வருஷம், மறந்துவைத்த போனை எடுக்கத் திரும்பிய பீகார்க்காரனைப் போர்வையில்தான் அள்ளினார்கள்.

டைரக்டர் ஹாலம் லண்டன்காரர். காலமெல்லாம் அடுத்தவர்களுக்குத் திரைக்கதை எழுதிக்கொடுத்தவர். சொந்தமாக எடுத்த முதல் படம் படுத்துவிட்டது; இதுவும் போனால் அவர் கதை முடிந்தது என்று உதவியாளன் ஆதித்யா சொல்லியிருந்தான். அவர் எழுதியிருந்த காட்சியில் சங்கு ஊதும். ஊதி ஊதி மரத்துப்போன தொழிலாளிகள் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள்.

"அண்ணே, வெடியே கிடையாது. சும்மா சத்தம்தான். நில்லுங்க," என்றான் ஆதித்யா.

"எனக்குத் தெரியுது தம்பி. காலுக்குத் தெரியலியே."

பக்கத்தில் நின்ற சுரேஷ்குமார் சிரித்தான். "நமக்குச் சங்கு ஊதுறதப் படம் புடிக்கவா லண்டன்லேருந்து வரணும்?"

மறுபடி ஊதினார்கள். மறுபடியும். சூப்பர்வைசர் அருள்ராஜ் கேமராவுக்குப் பின்னால் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் ராக்கப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கப் பழகிவிட்டான். ஹாலம் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இந்த ஒரு ஷாட் போதும், நான் பொழைச்சேன்னு சொல்றாரு," என்றான் ஆதித்யா.

மறுநாள் படக்காரர்கள் இல்லை. டியூட்டி தொடங்குமுன் அருள்ராஜ் எல்லோரையும் கூட்டினார். ஒவ்வொரு வெடிக்கும் ஓடித் திரும்புவதிலேயே வேலை கெட்டுப்போகிறதாம். குவாரியின் மேல்தட்டில் வைக்கும் சின்ன வெடிக்கு இனி யாரும் இடத்தைவிட்டு அசையக்கூடாது.

"கல்லு தெறிக்குமே சார்," என்றான் ராக்கப்பன்.

"வெள்ளைக்காரன் சொன்னா நிக்கத் தெரியுது, நான் சொன்னா தெரியாதோ? ஓடுறவன் நேரா ரூமுக்குப் போய்ப் பெட்டியக் கட்டு. கலாஸ், அவ்வளவுதான்."

மேல்தட்டில் வெடிக்காரர்கள் குழிகளை மூடிவிட்டு இறங்கினார்கள்.

சங்கு ஊதியது. ராக்கப்பன் சுற்றிலும் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை. சுரேஷ்குமார் கடப்பாரையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, கேமரா இல்லாத வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கீழே, அருள்ராஜ் தலையில் ஹெல்மெட்டை அழுத்திக்கொண்டு ஜீப்பை நோக்கி வேகமாக நடந்தார். பாதி வழியில் ஓடவே ஆரம்பித்தார்.