சுவரில் வந்த கங்கை

கந்தப்பன் ஓவசியர் எந்தக் கடையைப் பார்க்கப் போனாலும், வாசல் தூணை விரல் மடக்கித் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அன்றும் இலங்கை மலைநாட்டு அட்டன் கடைவீதியில், நாகலிங்கம் முதலாளியின் மாடிக் கடை வாசலில் நின்று தட்டினார். தூண் திடமாகத்தான் இருந்தது. பின்னால் குடையை மடக்கிக்கொண்டு நின்ற சண்முகவடிவு, அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று உற்று உற்றுப் பார்த்தாள்.

கந்தப்பன் ரயில்வேயில் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தவர். பட்டிப்பொலப் பக்கம் பாதையோரத்து அணைச்சுவர்களைக் கட்டிக் காத்தவர். உத்தியோகத்தை விட்ட பிறகு, கினிகத்தேனை முதல் தலவாக்கலை வரை யார் கடை கண்ணி வாங்கினாலும் அவரிடம் காட்டாமல் வாங்குவதில்லை. சுண்ணாம்பு பூசி மறைத்த வெடிப்பும், கறையான் தின்ற உத்தரமும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கண்தான் அப்படி, வாய் வேறு ரகம். விற்கிறவரும் தெரிந்தவர், வாங்குகிறவரும் தெரிந்தவர்; யார் முகமும் சுருங்கக் கூடாது. கூரை ஒழுகினால், "மழைக்கு முன்னால ஒருக்கா தகரத்தப் பாத்துக்கிட்டா நல்லதுங்க" என்பார். கூரையே விழப் போகிறது என்றாலும் அதைத்தான் சொல்வார். இதனால் ஊரில் அவருக்குத் தங்கமான மனுஷர் என்று பெயர். அந்தத் தங்கத்தை நம்பி எத்தனை பேர் ஒழுகும் கடைகளில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

கீழ்நாட்டை மலேரியா வாட்டி எடுத்ததற்கு மறு வருஷம் அது. சண்முகவடிவு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகை இடத்தில் சாப்பாட்டுக்கடை நடத்தி வந்தாள். புருஷன் போன பிறகு அடுப்படியில் நின்றே ஆளானவள். அவளை நம்பி நாலைந்து பெண்கள் மாவாட்டிப் பாத்திரம் கழுவிப் பிழைத்தார்கள். இந்தக் கடையை வாங்கிவிட்டால் கீழே வியாபாரம், மேலே அத்தனை பேரும் படுத்து எழ இடம். வாழ்நாளில் ஒருமுறைதான் இப்படித் துணிய முடியும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் ஓவசியரைக் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

முன்கட்டு நன்றாக இருந்தது. மாடியில் குடியிருந்த தையல்காரரின் குடும்பம் ஒதுங்கி நின்று வழிவிட்டது. மாடித் தரையும் குறையில்லை. நாகலிங்கம் கூடவே வந்து ஒவ்வொரு கதவையும் திறந்து காட்டினார். கோயில் காரியமென்றால் முதல் ஆளாக நிற்கிற மனிதர். மகளைக் கட்டிக்கொடுத்த கண்டியில் போய் இருக்கப் போவதாகச் சொல்லித்தான் கடையை விற்றார்.

"பொறத்தால வாங்க. உள்ளதச் சொல்லணும்னா, நீங்க வாங்கப் போறது கடையில்ல, கோயிலு" என்றார்.

கடையின் பின்சுவர் மலையோடு ஒட்டியிருந்தது. மேலே தேயிலைத் தோட்டம். அந்தக் கருங்கல் சுவரின் நடுவே, இடுப்புயரத்தில், கண்ணாடிபோலத் தெளிந்த நீர் கசிந்து ஒழுகிக்கொண்டிருந்தது. கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். பக்கத்து மாடத்தில் காமாட்சி விளக்கு எரிந்தது. கீழே செப்புக் குடத்தில் நீர் சொட்டும் சத்தம் அந்த இருட்டறையில் மந்திரம்போலக் கேட்டது.

"சித்திரையில ஒரு நாள் தானா வந்துச்சுங்க. கங்கம்மா! வெள்ளிக்கிழமையானா கடைவீதியே வந்து தீர்த்தம் வாங்கிட்டுப் போகுது. பொன்னையா மகனுக்குக் காய்ச்சல் விட்டுப் போச்சு. வௌக்க அணைய விட்டதே இல்ல. அது எரியிற எடத்துல ஒரு அமங்கலமான வார்த்தகூடப் பேசப்படாது."

சண்முகவடிவுக்குக் கண் கலங்கியது. கைம்பெண் என்பதால் விளக்கருகே போகாமல், நிலைப்படியிலேயே நின்று கும்பிட்டாள்.

கந்தப்பனும் கும்பிட்டார். கும்பிட்ட கையைச் சுவரில் வைத்தார். உள்ளங்கையில் ஒரு அதிர்வு. காதை வைத்தால், மலைக்குள்ளே எங்கோ வெகு ஆழத்தில், பெரிய ஆறு ஒன்று இருட்டில் ஓடுகிற சத்தம். பட்டிப்பொலயில் ஒரு மண்மேடு சரிந்து ரயில் பாதையை மூடுவதற்கு முன்னால் இதே சத்தத்தைக் கேட்டிருக்கிறார். சட்டைப் பையிலிருந்த தூக்குக் குண்டை எடுத்து நூலைத் தொங்கவிட்டார். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தது.

"என்னாங்க ஓவசியரய்யா, எப்புடி?" என்று ஆவலோடு கேட்டாள் சண்முகவடிவு.

கந்தப்பன் விளக்கைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். நாகலிங்கத்தின் மலர்ந்த முகத்தைப் பார்த்தார். வார்த்தை தொண்டை வரை வந்து, வழக்கம்போல வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"கட்டடம் நல்ல கட்டடம்ங்க" என்றார்.

அது பொய்யில்லை. கட்டின வேலையில் ஒரு குறையுமில்லை. குறையெல்லாம் அதற்குப் பின்னால் நின்ற மலையில் இருந்தது.

வெளியே வந்தவருக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. கடைக்குப் பக்கத்துப் படிக்கட்டு வழியாகத் தோட்டத்துக்குள் ஏறினார். கொழுந்தெடுக்கும் பெண்கள் அப்போதுதான் கூடைகளை நிறுக்கப் போயிருந்தார்கள். மலை ஆளரவமில்லாமல் கிடந்தது. மூடுபனி விலகியதும் அவர் கண்டது இதுதான்: நேர்கோடாக நட்ட தேயிலை நிரைகள் ஓரிடத்தில் வெட்டுப்பட்டு, ஒரு முழம் கீழிறங்கி, அங்கிருந்து மறுபடி நேராகப் போயின. சவுக்கு மரங்கள் அத்தனையும் கடைவீதிப் பக்கம் சாய்ந்திருந்தன. நிரைகளுக்கு நடுவே புல் மூடிய வெடிப்பு ஒன்று, வளைந்து வளைந்து, மலையின் தோளைச் சுற்றிப் பனிக்குள் போய் மறைந்தது. ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டார். அது விழுந்த சத்தமே கேட்கவில்லை.

கந்தப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பயத்தை விட முதலில் வந்தது பிரமிப்புதான். பிறந்த நாளிலிருந்து பார்க்கிற மலை. அசையாது என்பதற்கு ஊரே உதாரணம் காட்டுகிற மலை. அது யாருக்கும் தெரியாமல், ஒரு புல்லைக்கூட நசுக்காமல், நகர்ந்துகொண்டிருக்கிறது! இவ்வளவு பெரிய உயிருக்கு முன்னால் தான் எவ்வளவு சின்னவன் என்று எண்ணியபோது கண்ணில் நீர் வந்தது. அந்தச் சின்னவன் கீழே போய் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற எண்ணம் அடுத்து வந்தது. எழுந்து, வழுக்கியும் சறுக்கியும் இறங்கினார்.

அன்று வெள்ளிக்கிழமை. கடை வாசலில் தீர்த்தம் வாங்கக் கூட்டம் நின்றது. சண்முகவடிவும் நாகலிங்கமும் நொத்தாரிசிடம் போய்க் கடைக்கு உறுதிப் பத்திரம் எழுத நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்காதீங்கம்மா!" என்றார் கந்தப்பன், மூச்சு வாங்க. "பொறத்தால மல வெடிச்சிருக்கு. அந்தத் தண்ணி மலைக்குள்ள அடைஞ்சு நிக்கிற தண்ணி. மழ வலுத்தா மொத்தமும் கடை மேல வந்துரும். முதலாளி, மாடியில இருக்கிறவங்களையும் காலி பண்ணச் சொல்லுங்க."

கூட்டத்தில் ஆளுக்கு ஆள் கத்தினார்கள். நாகலிங்கத்தின் முகம் சிவந்தது.

"வௌக்கெரியிற எடத்துல என்னாய்யா பேச்சு இது? கங்கம்மாவ அடைஞ்ச தண்ணிங்கிறியே, நாக்கு அழுகிராது? காலையில நல்ல கட்டடம்னு சொன்ன வாயிதானே?"

"கட்டடத்தச் சொன்னேங்க. மலையச் சொல்லல."

சண்முகவடிவு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "காலையிலயே தெரியுமா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"வௌக்கு எரிஞ்சிச்சு... கூச்சமா இருந்துச்சும்மா."

"ஒங்க கூச்சத்துல எங்க அத்தன பேரையும் பொதச்சிருப்பீங்க" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை; அதனால் அது இன்னும் ஆழமாகத் தைத்தது. கடை வேண்டாமென்று நாகலிங்கத்திடம் சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனாள்.

அதோடு தங்கமான மனுஷர் தகரமாகிவிட்டார். கடைவீதியில் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பாதவர்கள் குறைவு. "முதலாளி கடை விலைபோகாமப் பண்ணிட்டீங்களே, நமக்கு எதுக்குங்க ஊர் வம்பு?" என்று அவர் மனைவி பூரணியே முணுமுணுத்தாள். தையல்காரர் குடும்பமும் இடம் மாறவில்லை. தெய்வம் இருக்கிற வீட்டை விட்டு எங்கே போவது என்றார்கள்.

ஆடி மழை பிடித்துக்கொண்டது. விடாமல் கொட்டிக் கொட்டி, ஒரு காலையில் தூறலாகக் குறைந்திருந்தபோது நாகலிங்கமே குடைகூட இல்லாமல் கந்தப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நெறஞ்சிச்சாய்யா மனசு? ஒன் வாயி பட்டு கங்கம்மா போயிட்டா! விடிஞ்சதுலருந்து ஒரு சொட்டுத் தண்ணி வரல!"

கந்தப்பனுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை மழைக்குப் பிறகு ஊற்று நின்றால், நீர் போகவில்லை; போக வழியில்லாமல் உள்ளே திரண்டு நிற்கிறது என்று அர்த்தம். எதிரில் நிற்பவரின் கோபம் அவர் காதில் ஏறவே இல்லை. வெறுங்காலோடு ஓடினார். போகிற வழியில் சண்முகவடிவின் கடைக்குள் தலையை நீட்டி, "தண்ணி நின்னுருச்சும்மா! மல வருது!" என்று ஒரே கத்தாகக் கத்தினார். அவள் கரண்டியைப் போட்டுவிட்டு அவர் பின்னால் ஓடி வந்தாள்.

பின்னறை முழுக்க ஜனம். தாயே திரும்பி வா என்று பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். தையல்காரர் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரடியில் உட்கார்ந்திருந்தார். பின்னாலேயே வந்து சேர்ந்த நாகலிங்கம் தேங்காய் மேல் தேங்காயாக உடைத்தார்.

"எல்லாரும் வெளிய போங்க! சுவர் சாயுது பாருங்க!" கந்தப்பன் கத்திக் கத்திப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. "கங்கம்மாவ வெரட்டுனவன் இவந்தான்" என்றது ஒரு குரல்.

சண்முகவடிவு சுற்றுமுற்றும் பார்த்தாள். மாலை தொங்கிய கல் மெல்ல முன்னால் வருவது அவள் கண்ணுக்கே தெரிந்தது. இந்த ஜனத்தை எந்தப் பேச்சும் கிளப்பாது என்பதும் தெரிந்தது. நிலைப்படியில் நின்றவள் விடுவிடுவென்று உள்ளே போனாள். மாடத்தில் எரிந்த விளக்கை இரண்டு கையாலும் எடுத்தாள்.

கூட்டத்தில் ஒருத்தி அலறினாள்.

"அடிப்பாவி! தாலியறுத்தவ வௌக்கத் தொட்டுட்டா!"

"ஆமா, தொட்டுட்டேன்! முடிஞ்சாப் புடுங்குங்கடா!" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் சுடரை மறைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அவ்வளவுதான், தையல்காரர் பிள்ளைகளோடு எழுந்தார், பெண்கள் எழுந்தார்கள், அறை முழுவதும் ஆத்திரத்தோடு அவள் பின்னால் பாய்ந்தது. தேங்காயும் கையுமாக நாகலிங்கம் வர, உள்ளே யாரும் மிச்சமில்லை என்று பார்த்துவிட்டுக் கந்தப்பன் கடைசியில் வந்தார். அவள் நிற்கவில்லை. வீதியைக் கடந்து, ரயில் பாதையோரத்து வெளியின் கோடி வரை போய்த்தான் நின்றாள். அவளை அடிக்கக் கையோங்கியவர்கள் அங்கே வந்து சேரவும், பின்னால் அந்தச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

இடி இல்லை. இடியென்றால் முடிந்துவிடும்; இது முடியவில்லை. எல்லோரும் திரும்பினார்கள். தேயிலை நிரைகள் நிரைகளாகவே, சவுக்கு மரங்கள் நின்றபடி நிற்க, ஒரு பச்சை மலை நிதானமாக நடந்து இறங்கி வந்தது. கடையின் மாடி ஒரு கணம் அதன் முன்னால் நின்றது; மறு கணம் இல்லை. வீதியின் விளிம்பில் வந்து மலை நின்றது. அதன் நடுவயிற்றிலிருந்து, இத்தனை நாளும் குடத்தில் சொட்டிய அதே நீர், செம்மண் நிறத்தில் யானையுயரம் பொங்கி எழுந்து விழுந்தது. கையோங்கியவர்கள் ஓங்கிய கையோடு நின்றார்கள்.

சத்தம் அடங்கியதும் நாகலிங்கம் கந்தப்பனின் பக்கம் திரும்பிக் கேட்டார்: "கங்கம்மாவுக்கு நம்ம மேல என்னா கோவம் ஓவசியரே?"

"கோவமும் இல்ல, வரமும் இல்லங்க" என்றார் கந்தப்பன். "சித்திரையிலருந்து மல நமக்குச் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நீங்க மால போட்டு அது வாய மூடுனீங்க. நான் மரியாதன்னு என் வாய மூடிக்கிட்டேன். இனிமே எந்த வௌக்கு எரிஞ்சாலும் மூட மாட்டேன்."

சண்முகவடிவின் கையில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. யாரோ ஒருத்தி அதன்மேல் குடை பிடித்தாள். சற்று முன்னால் பாவி என்று கத்தினவளே அவள்.

"மலையக் கும்பிடுங்க, நானும் கும்பிடுறேன்" என்றாள் சண்முகவடிவு. "ஆனா கும்பிடுறதுக்கு முன்னால அது என்னான்னு கண்ணத் தொறந்து பாருங்க. பாத்தவன் சொன்னா, வாய அடைக்காமக் கேளுங்க. கண்ண மூடிக்கிட்டுக் கும்பிட்டா, எந்தச் சாமியும் நம்மளக் காப்பாத்த வழியில்ல."

நாகலிங்கம் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார். விளக்கைத் தாங்கிய அவள் கையைப் பார்த்தார். அவளிடமிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவர் கை நீளவில்லை. இரண்டு கையும் மெல்ல அவளை நோக்கிக் குவிந்தன.