அறுபதுக்குச் செய்த பெட்டி

சவத்தை வைத்திருந்த குளிர்பெட்டி மூன்றாவது முறையாக ஓடாமல் நின்றபோது, கூடத்தில் இருந்தவர்கள் இறந்தவரை விட்டுவிட்டுத் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். முப்பது வருடமாக எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, செம்புக்கம்பி சுற்றிப் பிழைக்கிறவன். அவற்றில் பாதி, இதோ கண்ணாடிக்கு அடியில் வாய் மூடிப் படுத்திருக்கும் அண்ணன் விற்றவை. வாய் மூடியிருப்பதும் இதுதான் முதல் தடவை என்று தம்பி நினைத்துக்கொண்டான்.

அண்ணனுக்கு ஊரில் 'கப்பல்' என்று பட்டப்பெயர். உடைக்கிற கப்பல்களில் கழற்றிய பம்பு, குளிர்பெட்டி, மாவு பிசையும் மெஷின் எல்லாவற்றையும் அள்ளி வந்து விற்றார். கப்பலில் கரண்ட் நொடிக்கு அறுபது முறை துடிக்கும். கரையில் ஐம்பதுதான். அறுபதுக்குச் செய்த மோட்டார் இங்கே சோம்பேறியாகச் சுற்றும், உள்ளே கொதிக்கும். சொன்னால் கேட்டால்தானே!

"பத்து குறைஞ்சா குடியா முழுகிடும்? மெதுவா ஓடுதா, வோல்ட்டை ஏத்து. அவ்வளவுதான்" என்பார்.

அதுதான் கப்பலின் வைத்தியம். அஜீரணக்காரனுக்கு இன்னும் இரண்டு தட்டு சோறு போடுகிற வைத்தியம்.

இந்தச் சவப்பெட்டிக் குளிர்மெஷினும் அவர் விற்றதுதான். வாடகைக்குக் கொண்டுவந்த பெட்டிக்காரர் சுவரோடு சுவராக நின்றார்.

"நல்ல பெட்டி ரெண்டும் வெளிய போயிருக்குங்க. இது ஒண்ணுதான் இருந்துச்சு. அண்ணன் சொன்னபடி வோல்ட்டை இருநூத்தி நாப்பத்தஞ்சுக்கு ஏத்தித்தான் வச்சிருக்கேன்."

"ஏத்துவீங்க. தகட்டுல அறுபதுன்னு போட்டிருக்கே, படிக்கலையா?"

"அவரு படிச்சவரு, அவரு சொன்னாருன்னு..."

படிச்சவரு! தம்பியை எட்டு வயதில் பட்டறைக்கு அனுப்பிவிட்டு அவரைப் பத்தாவது வரை படிக்க வைத்தார்கள். தம்பி எழுத்துக் கூட்டியது முப்பது வயதில், மோட்டார் தகடுகளைப் பார்த்துத்தான்.

மணி பதினொன்று. வெயில் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. அண்ணன் மகள் விமானத்தில் இருந்தாள். வீடு வந்து சேர நாலாகும். பின்வரிசையில் ஒருத்தி கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோய், யாரோ பார்ப்பது தெரிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ அப்பா முகத்தைப் பார்க்கணும் தம்பி" என்றாள் அண்ணி. "அதுவரைக்கும் தாங்குமா?"

அவன் பட்டறைக்குப் போய், மோட்டார்களைச் சோதிக்க வைத்திருந்த வேரியாக்கைத் தோளில் தூக்கி வந்தான். குமிழைத் திருகினால் வோல்ட் ஏறி இறங்கும். கனம் எருமைக் கன்று மாதிரி. கொதிக்கும் கம்ப்ரஸருக்கு எதிரே மேஜை ஃபேனை வைத்து ஆறவிட்டான். கணக்குப் பெரிதில்லை. அறுபதுக்குப் பதில் ஐம்பது என்றால் ஆறில் ஐந்து. வோல்ட்டும் ஆறில் ஐந்தாக வேண்டும். தகட்டில் போட்டிருந்த இருநூற்றிருபது, நூற்றெண்பத்து மூன்றாக இறங்க வேண்டும்.

"குறைக்கவா போறீங்க?" அண்ணி எழுந்துவிட்டாள். "ஏற்கெனவே மூச்சு முட்டுது. அவர் ஏத்தணும்னுதானே சொல்லுவார்?"

"அவர் சொல்லித்தான் அண்ணி இது இந்தக் கதியில கிடக்கு."

"செத்த பிறகுமா மட்டம் தட்டணும்?"

அவன் குமிழைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அரை மணி நேரம் குடுங்க. நின்னுட்டா உங்க இஷ்டம்."

நூற்றெண்பத்து மூன்று. ஸ்விட்சைப் போட்டான். பெட்டி ஒருமுறை உதறியது. காலையிலிருந்து இருந்த அந்த முனகல் இல்லை. மெதுவாக, ஒரே சீராக ஓடியது. பன்னிரண்டுக்கு ஓடியது. இரண்டுக்கும் ஓடியது. சாப்பிடக் கூப்பிட்டார்கள், அவன் போகவில்லை. பெட்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, குமிழ் அசையாமல் பார்த்துக்கொண்டான். கடைசியில் இந்த ஆளுக்குக் காவல் உட்கார வேண்டியதாயிற்றே என்று எரிச்சலாக வந்தது.

நாலே காலுக்கு மகள் வந்தாள். கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். முகம் கெடவில்லை. தூங்குகிறவர் முகம்தான். வெகுநேரம் கழித்து அவள் அவன் பக்கம் நிமிர்ந்தாள்.

"அம்மா சொன்னாங்க சித்தப்பா. இது அப்பா வித்த பெட்டியாமே?"

"ஆமாம்மா."

"எல்லாரும் அப்பாவைக் கிண்டல் பண்ணுவாங்க, ஒண்ணும் ஓடாதுன்னு. இது நல்லாத்தானே ஓடுது?"

பெட்டிக்காரர் தொண்டையைச் செருமினார். அண்ணி தரையைப் பார்த்தாள். முப்பது வருடப் பேச்சு நாக்கு நுனியில் வந்து நின்றது.

"உங்கப்பா பார்த்துத்தான் வித்திருக்காரு" என்றான்.

ஐந்து மணிக்கு அண்ணனை எடுத்துக்கொண்டு போனார்கள். அவன் பிளக்கைப் பிடுங்கி, கம்ப்ரஸர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அது முழுவதும் ஆறுகிறவரை அவன் கையை எடுக்கவில்லை.