ஹார்லன் புரூயிட்டின் அப்பா

ஹார்லன் புரூயிட்டின் பிழைப்பே அவனுடைய அப்பாவின் சாவுதான். பிட்ஸ்பர்க்கில் நாங்கள் வேலை பார்த்த பத்திரிகையில் அவன் பத்தி எழுதுவான், நான் படம் எடுப்பேன். தொழிலாளர் தினம் வந்தால் போதும், நிலக்கரிச் சுரங்கம் இடிந்து மாண்ட தகப்பனை எழுத்தில் தோண்டி எடுத்து அழுவான். வாசகர்களும் கூடவே அழுவார்கள்.

மேற்கு வர்ஜீனியாவில் ஒரு சுரங்கம் வெடித்தபோது எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். உள்ளே சிக்கியவர்களின் குடும்பங்கள் தேவாலயத்தில் காத்திருந்தன. ஹார்லன் டையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு, மகனுக்காகக் காத்திருந்த ஒலீட்டா என்ற கிழவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

“எங்கப்பாவும் சுரங்கத்துலதாம்மா போனாரு. உங்க வேதனை எனக்குத் தெரியும்.”

“எந்த ஊரு தம்பி? பேரென்ன?”

ஸ்டோவர் ஃபோர்க் என்றான். பெயரையும் சொன்னான். ஊரை மாற்றிச் சொல்லும் புத்திகூட இல்லை.

கிழவி அவன் முகத்தையே பார்த்தாள். “நான் பொறந்த ஊரு அது. அங்க இருந்தது ஒரே புரூயிட்டு, சுரங்கக் கம்பெனி டாக்டரு. எங்கப்பா கரியாத் துப்புவாரு. ‘சிகரெட்டைக் குறை, சரியாப் போயிடும்’னு மறுபடியும் உள்ள அனுப்புவாரு அந்த மனுசன். அதே மூக்கு உனக்கு.”

“வேற யாரையோ நினைச்சுக்கிட்டீங்க,” என்று எழுந்துவிட்டான்.

காரில், “துக்கத்துல கிழவிக்கு மூளை கலங்கிடுச்சுடா,” என்றான்.

“உங்கப்பா டாக்டரா?”

“ரேடியோவைப் போடு.”

ஞாயிறு இதழில், ‘நீ எங்கள் பிள்ளை’ என்று ஒலீட்டா அவன் கையைப் பிடித்து அழுததாக வந்தது. ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். “ஊரே உருகிக் கிடக்கு, நீ வேற ஏன்யா,” என்றார்.

ஒலீட்டாவின் மகனைப் பிணமாகத்தான் எடுத்தார்கள். அடக்கத்துக்குப் போனேன்.

“அப்பன் எங்க ஆளுங்க மூச்சை எடுத்தான். மகன் நான் பேசாத பேச்சை என் வாயில வச்சுட்டான்,” என்றாள். “இல்லேன்னு பேப்பர்ல போடச் சொல்லு.”

“சொல்லிப் பார்த்தேம்மா.”



அந்தக் கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. ஹார்லன் மேடையேறி, மாண்ட தந்தைக்கு அதைக் காணிக்கையாக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு விசாரித்தேன். டாக்டர் புரூயிட் ஃப்ளோரிடாவில் சௌக்கியமாகக் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார்.