மீன் வெந்த தண்ணீர்

லாசெல்ஸின் ஒரு கண்ணுக்கு இரண்டரை லட்சம் ஜமைக்கா டாலர் என்று கிங்ஸ்டனில் தனியார் டாக்டர் விலை சொன்னார். இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று அவன் மனைவி அயோனி கேட்டாள். முப்பது வருடமாகச் சந்தையில் கிழங்கும் வாழைக்காயும் விற்கிறவள். ஒரு விலை காதில் விழுந்தால் அதைப் பாதியாகக் கேட்காமல் அவளால் எழுந்திருக்க முடியாது. டாக்டர் சிரித்தார். குறைக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் கண்புரையை இலவசமாக எடுப்பார்கள். இலவசத்துக்கும் ஒரு விலை இருந்தது: பிரஷர் இறங்க வேண்டும். நூற்றெண்பதில் நிற்கிற ஆளின் கண்ணில் கத்தி வைக்க மாட்டோம் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தேதியும் தவறினால் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். அதற்குள் மனுஷன் முழுக் குருடாகிவிடுவான்.

இப்போதே பாதிக் குருடு. சாராயக் கடை வாசலில் டோமினோ ஆட உட்கார்ந்தால், கட்டையில் குழிந்திருக்கும் புள்ளிகளைக் கட்டைவிரலால் தடவித் தடவித்தான் எண்ணுவான். “பாத்து ஆடுங்க லாசெல்ஸ் ஐயா, முட்டை இருக்கான்னு கோழியத் தடவுற மாதிரி தடவாதீங்க” என்று எதிராளி சொல்ல, கடையே சிரித்ததைத் தெருவில் போய்க்கொண்டிருந்த அயோனி கேட்டாள். அன்று முழுக்க யார் விலை கேட்டாலும் எரிந்து விழுந்தாள்.

அவள் என்ன குறை வைத்தாள்? உப்பு டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். டின் இறைச்சி, சூப் பொட்டலம் எல்லாவற்றுக்கும் தடை போட்டாள். மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்து, தொண்டைக்குழி ஏறி இறங்கும்வரை எதிரே நின்றாள். உப்பு மீனை மட்டும் விட முடியவில்லை; ஜமைக்காவில் அதை விடச் சொல்வது மூச்சை விடச் சொல்வதற்குச் சமம். அதற்கும் சுகாதார நிலையத்திலேயே வழி சொல்லியிருந்தார்கள்: இரவே ஊறவைத்து, இரண்டு முறை வேகவையுங்கள். வேகவைத்தாள். மீன் துவைத்த துணி மாதிரி ஆயிற்று. லாசெல்ஸ் மீனைத் திட்டிக்கொண்டே தின்றான்.

அப்படியிருந்தும் பிரஷர் இறங்கவில்லை. அந்த மாதம் சுகாதார நிலையத்தில் நர்ஸ் டாம்லின்சன் அவன் கையிலிருந்து பிரஷர் பட்டையைக் கழற்றிவிட்டு, பெஞ்சு நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்:

“மிஸ் அயோனி, உங்க வீட்டுல யாரோ இவருக்கு உப்புப் போட்டுக் குடுக்குறாங்க.”

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருத்தருக்குக் கண் தெரியாது. அப்புறம் யாராம்?

வழியெல்லாம் அவள் கொதித்தாள். வீட்டுக்கு வந்ததும் புருஷனின் சட்டைப் பைகளை உதறினாள். ஒரு துணுக்கு வறுவல்கூட விழவில்லை. சாராயக் கடைக்குப் போய்க் கடைக்காரன் பெர்சியின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள். லாசெல்ஸ் கடன் சொல்லிக் கேட்டும் ஒரு கடலைப் பொட்டலம் கொடுக்கவில்லை என்று பெர்சி செத்துப்போன அம்மா மேல் சத்தியம் செய்தான். அப்படியானால் பழி முழுவதும் தன் தலையில்தான் என்று அவளுக்குப் புரிந்தது. சந்தையில் அழுகல் கிழங்கை நல்லதென்று விற்றவள் என்ற பேர்கூட அவளுக்கு இதுவரை வந்ததில்லை.

மறுவாரம் அவன் சாப்பாட்டை அப்படியே தூக்குச்சட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். பெஞ்சு நிரம்பும்வரை காத்திருந்து, நர்ஸின் மேஜைமேல் திறந்து வைத்தாள்.

“தின்னு பாருங்க நர்ஸம்மா. எல்லாரும் பாக்கட்டும்.”

நர்ஸ் ஒரு விள்ளல் மீனை வாயில் போட்டாள். மென்றாள். உப்பே இல்லை. அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். அயோனி பெஞ்சுப் பக்கம் திரும்பி, கல்லாவில் பணம் போடுகிறவள் மாதிரி அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டாள்.

நல்ல பசிபோலும் நர்ஸுக்கு. ஒரு துண்டு வாழைக்காயையும் எடுத்துக் கடித்தாள். உப்புக் கரித்தது. வாய் அப்படியே நின்றது.

“இதை எதுல வேக வெச்சீங்க?”

“மீன் வெந்த தண்ணியிலதான். தனியா ஒரு கல் உப்புப் போடல. அதுலயே ருசி இருக்கே. மாவு உருண்டையும் அதுலதான் வேகும்.”

“முதல்ல வெந்த தண்ணியா?”

“பின்ன? மீன் விக்கிற விலையில அதைச் சாக்கடையில ஊத்துவாங்களா?”

பெஞ்சில் யாரோ ஒருவர் மெல்ல, “எங்க வீட்டுலயும் அப்படித்தான்” என்றார். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அயோனிக்குக் காது சூடேறியது. வெட்கம் ஒரு நொடிதான். அடுத்த நொடி கோபம் அதைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தது.

“ஊற வைன்னீங்க. ரெண்டு தடவை வேக வைன்னீங்க. தண்ணிய என்ன பண்ணணும்னு உங்க வாயிலருந்து ஒரு வார்த்தை வந்துச்சா? அவர் கண்ணு ஒரு வருஷமா அந்தச் சட்டியில வெந்துட்டிருக்கு. உங்க அம்மா அந்தத் தண்ணிய என்ன பண்ணுவாங்க, சொல்லுங்க பாப்போம்.”

நர்ஸ் கையிலிருந்த வாழைக்காயைப் பார்த்தாள். “எங்கம்மாவும் இதுலதான் வேக வைப்பாங்க” என்றாள் தாழ்ந்த குரலில். “அவங்களுக்கும் பிரஷர்தான்.”

அன்றிலிருந்து மீன் வெந்த தண்ணீரை அயோனி வாசல் கல் இடுக்கில் கொட்டினாள். கொஞ்ச நாளில் அங்கே முளைத்திருந்த புல் வேரோடு கருகிப்போயிற்று. வாழைக்காயும் துணியாகிவிட்டதே என்று லாசெல்ஸ் முனகினான். திட்டுவதற்கு இப்போது இரண்டு பண்டம். பிரஷர் முனகவில்லை, இறங்கியது. மூன்றாவது தேதியில் வலது கண்ணைத் திறந்துவிட்டார்கள். கட்டுப் பிரித்த பிறகு அவன் சாராயக் கடைக்குப் போய், தடவாமல் ஒரு கட்டையை அறைந்து போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது.

சந்தை முடிந்து கூடை கவிழ்த்ததும் மனதுக்குள் கணக்குப் பார்ப்பது அயோனியின் வழக்கம். அன்று பார்த்தாள். வலது கண், வரவு. இடது கண், ஆஸ்பத்திரி தர வேண்டியது, தேதி கொடுத்திருக்கிறார்கள். நர்ஸ் கேட்ட மன்னிப்பும், வாழைக்காயோடு அது செல்லாமல் போனதும், சரிக்குச் சரி. தண்ணீரைக் கொட்டு என்ற ஒரு சொல், ஒரு வருடம் தாமதம். அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. பாக்கி.